எழுத முன் கதைக்க வைத்தேன்: ஒரு தரம் 4 ரீச்சர் பட்ட பாடு

தரம் 4 பிள்ளைகளை வாக்கியம் எழுத வைக்க வேண்டுமானால் முதலில் அவர்களைப் பேச வைக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் சொல்கிறார்கள். சொல்வது சரி. நான் அதைச் செய்து பார்த்தவள், இப்போதும் செய்கிறவள். ஆனால் தொடங்கினால் தொண்டை கட்டும், கைக்காசு கரையும், கொப்பி நிரம்பாததைப் பார்த்துப் பெற்றார் முகம் சுளிப்பார்கள், பக்கத்து வகுப்பு ரீச்சர் கதைக்காமலே விட்டுவிடுவா என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு ஆண்டு முழுக்கத் தனியாக அந்தப் பாட்டைப் பட்டேன். இனித் தொடங்கப் போகிறவர்களுக்காவது முன்கூட்டித் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகும் வீதியில் ஒரு கடலோரக் கிராமம். அங்குள்ள சிறிய பாடசாலை. பெயர் வேண்டாம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் அப்பாமார் கடலுக்குப் போகிறவர்கள். சில அம்மாமார் விடுதிகளில் வேலை செய்கிறார்கள், சிலர் மத்திய கிழக்கில். 2023 மார்ச் கடைசியில்தான் அந்த ஆண்டுப் பாடங்கள் தொடங்கின. எனக்குக் கிடைத்தது தரம் 4, 36 பிள்ளைகள். கணக்குப் பார்த்தால் இவர்கள் 2020 தையில் முதலாம் வகுப்புக்கு வந்தவர்கள். பங்குனியில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எழுத்துப் பழக வேண்டிய வயதில் அம்மாவின் போனுக்கு வந்த படத்தைப் பார்த்துக் கொப்பியில் வரைந்த பிள்ளைகள். அந்தப் போனும் இல்லாத வீடுகள் எத்தனையோ. 2022இல் பள்ளிக்கூடம் திறந்து மூடித் திறந்து ஓடியது.

அதனால் என் வகுப்பில் ஒரு விசித்திரமான நிலை இருந்தது. பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சுப்போல எழுதுவார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் கேட்டால் பென்சில் நின்றுவிடும். நேற்று நடந்ததைப் பற்றி எழுதச் சொன்னபோது சிலர் “பசு ஒரு வீட்டு மிருகம், அதற்கு நான்கு கால்கள் உண்டு” என்று மனப்பாடம் பண்ணியதை எழுதி வைத்தார்கள். சிலர் திகதியை மட்டும் அழகாக எழுதினார்கள். இடைவேளையில் வலை எப்படிச் சிக்கியது, அப்பா எப்படிக் குதித்தார், யார் கத்தினார்கள் என்று கையைக் காலை ஆட்டிக் கதை சொன்ன பையன் ஒருவன் எழுதித் தந்தது இதுதான்: “எனது அப்பா. கடல். மீன்.” அதைப் படித்துவிட்டு எனக்கு முதலில் வந்தது கோபம். அவன்மேல் இல்லை. மூன்று வருடமாக அவனிடம் ஒருவரும் அந்தக் கதையைக் கேட்காமல் பசுவைக் கேட்டிருக்கிறார்களே என்று.

சரி, கதைக்கிற பிள்ளைதானே, கதையிலிருந்தே தொடங்குவோம் என்று நினைத்தேன். முதலில் செய்தது வாக்கியத்தை நீட்டுகிற வேலை. “வலை கிழிந்தது” என்று சொல்வேன். யாருடைய வலை? எப்போது? எதனால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிள்ளை பதில் சொல்ல வேண்டும். ஆனால் பதிலைத் தனியாகச் சொல்லக்கூடாது, முழு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்ல வேண்டும். “மாமாவின் வலை கிழிந்தது.” “மாமாவின் புது வலை நேற்றுக் கிழிந்தது.” “மாமாவின் புது வலை நேற்று விடியப்புறம் பாரில் சிக்கிக் கிழிந்தது.” கடலடிப் பாறையை அங்கே பார் என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நான் மாற்றவில்லை.

இதில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவது நல்ல பலன் தந்தது. “கிழிந்தது” என்று சொல்கிற பிள்ளை எப்போதும் கடைசியில் நிற்கும், அசையாது. மற்றவர்கள் அதற்கு முன்னால் எங்கேயாவது வந்து நுழைய வேண்டும். “நேற்று” முன்னுக்கும் நிற்கலாம், நடுவிலும் நிற்கலாம். ஆனால் “மாமாவின் நேற்று வலை” என்று நின்றபோது வகுப்பே சிரித்தது. “புது” வலையை விட்டு விலக முடியாது என்பதை எந்த இலக்கண விளக்கமும் இல்லாமல் அந்தச் சிரிப்பிலேயே கண்டுபிடித்தார்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது, சேர்க்கிறதெல்லாம் அதற்கு முன்னால் சேர்கிறது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க ஏலாது. வரிசையில் நின்றால் புரிகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: நாலைந்து துண்டுக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் கடைசிப் பிள்ளை தொடக்கத்தை மறந்துவிடும், வாக்கியமும் கேட்கச் சகிக்காது. நீட்டிய பிறகு “எதை எடுத்தால் நட்டமில்லை?” என்று கேட்டு ஒவ்வொருவராக வெளியே கூப்பிடுவதும் நல்ல பயிற்சி. நீளமாக எழுதினால்தான் நல்ல வாக்கியம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடித்துவிடும், அதை அப்போதே உடைக்க வேண்டும்.

அடுத்தது வாக்கியங்களை இணைப்பது. எழுதப் பழக்குவதற்கு அமெரிக்கக் கல்வியாளர் ஜூடித் ஹோக்மன் சொல்கிற முறையில் ஒரு பயிற்சி உண்டு. வாக்கியத்தின் முன்பாதியைக் கொடுத்துவிட்டு ‘ஏனென்றால்’, ‘ஆனால்’, ‘ஆகவே’ மூன்றையும் வைத்து மூன்று விதமாக முடிக்கச் சொல்வது. வாய்மொழியாகவே செய்யலாம், நல்ல பயிற்சி. ஆனால் அது ஆங்கில வகுப்பறைக்காக வந்தது. அப்படியே எங்கள் வகுப்பில் போட்டால் “வள்ளம் இறங்கவில்லை. ஏனென்றால் காற்று.” என்று இரண்டு துண்டாகத்தான் வருகிறது. தமிழில் காரணம் பெரும்பாலும் வினையின் வாலில்தான் ஒட்டுகிறது, அதுவும் முதலிலேயே வந்துவிடுகிறது. ஆகவே நான் முனையை மாற்றுகிற விளையாட்டாக ஆக்கினேன். ஒருவர் “மழை பெய்தது” என்பார். மற்றவர் “வள்ளம் இறங்கவில்லை” என்பார். மூன்றாமவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்: “மழை பெய்ததால் வள்ளம் இறங்கவில்லை.” வள்ளம் இறங்கியது என்றால்? “மழை பெய்தும் வள்ளம் இறங்கியது.” நாளைக்கு என்றால்? “மழை பெய்தால் வள்ளம் இறங்காது.”

இந்த இடத்தில் பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழும்பி, “ரீச்சர், மழைக்கு வள்ளம் நிக்காது. காத்துக்குத்தான் நிக்கும்” என்றாள். வகுப்பில் பாதிப்பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். நான் டவுனில் வளர்ந்தவள், எனக்கு அது தெரியாது. உதாரணத்தை அங்கேயே மாற்றினோம்: “காற்று பலமாக அடித்ததால் வள்ளம் இறங்கவில்லை.” அதன்பிறகு உதாரண வாக்கியங்களைப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கினேன். செயல்நூலில் வருகிற தோட்டமும் பூந்தொட்டியும் இவர்களுக்கு ஒன்றும் சொல்ல வைப்பதில்லை. கரையில் நின்று இழுக்கிற கரைவலை, சூடை மீன், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, ஐஸ் லொறி, நிலாவெளிக்கு வருகிற வெள்ளைக்காரர், டவுனில் கோட்டைப் பக்கம் கடைக்குள் எட்டிப் பார்க்கிற மான்கள் என்றால் கையை உயர்த்தாத பிள்ளை இல்லை. சொல்ல விஷயம் இருந்தால்தான் இணைக்க வாக்கியம் இருக்கும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஐந்து நிமிடம் போதும். “கடற்கரையில் விளையாடி” என்று சொல்லி நிறுத்துவேன். முடிந்ததா, முடியவில்லையா? முடிந்தால் பெருவிரல் மேலே, இல்லாவிட்டால் கீழே. காதுக்கு உடனே தெரிந்துவிடும். அதே பிள்ளை கொப்பியில் அதை எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கும், ஆனால் காதால் கேட்டால் “பிறகு என்ன?” என்று கத்தும். எழுதியதை வாய்விட்டு வாசித்து, குரல் இறங்குகிற இடத்தில் மட்டும் புள்ளி வை என்று பழக்கினேன். வினையெச்சம் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை.

இப்போது இந்த வேலையின் மிகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். எழுத முன் வாயால் சொல்லிப் பார், சொன்னதை அப்படியே எழுது என்கிற அறிவுரை தமிழ் வகுப்பில் பாதி வழியில் நின்றுவிடும். எங்கள் பக்கத்துப் பேச்சில் “அப்பா கடலுக்குப் போனவர்”, “அம்மா சொன்னவ”, “நான் நேத்துக் கண்டனான்” என்றுதான் வாக்கியம் முடியும். அதில் ஒரு குறையும் இல்லை, நானும் வீட்டில் அப்படித்தான் கதைக்கிறேன். ஆனால் கொப்பியில் “அப்பா கடலுக்குப் போனவர்.” என்று எழுதினால் வாசிக்கிறவர் போனவர் என்ன செய்தார் என்று காத்துக்கொண்டிருப்பார். ஒரே மொழி பேச்சுக்கு ஒன்றும் எழுத்துக்கு ஒன்றுமாகப் புழங்குவதைப் பற்றி சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை பெயர்பெற்றது. இரட்டை வழக்கு என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாய்மொழிப் பயிற்சிகள் இந்தப் பள்ளத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. நம் பிள்ளைக்கு வாயிலிருந்து கைக்கு வருவதற்கு நடுவில் இன்னொரு படி இருக்கிறது. அதையும் வாயாலேயே பழக்க வேண்டும்.

நான் கண்டுபிடித்த வழி செய்தி வாசிக்கும் விளையாட்டு. பழைய கார்ட்போட் பெட்டியை வெட்டித் தொலைக்காட்சி மாதிரிச் செய்தோம். ஒரு பிள்ளை தன் கூட்டாளிக்கு வீட்டில் கதைக்கிற மாதிரியே விஷயத்தைச் சொல்லும்: “அப்பா ராவு கடலுக்குப் போனவர், ஒண்டும் படேல்ல.” கூட்டாளி பெட்டிக்குப் பின்னால் போய் அதையே செய்தியாக வாசிக்க வேண்டும்: “அப்பா இரவு கடலுக்குப் போனார். மீன் ஒன்றும் படவில்லை.” பிள்ளைகளுக்கு இதில் உயிர். சில பேர் செய்தி வாசிப்பவரின் குரலைக்கூடப் பிடித்தார்கள். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, வீட்டுப் பேச்சில் சொல்கிற நேரத்தில் குறுக்கே போய்த் திருத்தக்கூடாது. “போனவர் இல்லை, போனார்” என்று அங்கே வெட்டினால் பிள்ளை வாயை மூடிவிடும், பிறகு திறக்கப் பல கிழமை செல்லும். இரண்டு, மறுபக்கம் சாய்ந்துவிடுவார்கள். “எனது தந்தையார் சமுத்திரத்திற்குச் சென்றார்” என்று ஒருவன் வாசித்தான். கைதட்டல் கிடைத்தது என்பதற்காக மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். “போனார்” போதும் மகன், சமுத்திரம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அதை இறக்கினேன்.

அப்புறம்தான் எழுத்து. சொன்ன வாக்கியத்தைக் கூட்டாளி திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கி எண்ண வேண்டும். எழுதி முடிந்ததும் கொப்பியில் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். விரலில் ஆறு, கொப்பியில் ஐந்து என்றால் எங்கேயோ ஒன்று விழுந்திருக்கிறது. “போய்விட்டான்” ஒரு விரலா இரண்டு விரலா என்று சண்டை வரும், வரட்டும். அந்தச் சண்டையில் அவர்கள் வாக்கியத்தைப் பத்துத் தடவை சொல்லிவிடுவார்கள். எழுத்து மெதுவாக ஓடுகிற பிள்ளைக்கு இந்த விரல் எண்ணிக்கை பெரிய உதவி. ஒரு சொல்லை எழுதி முடிக்க முன் மீதி வாக்கியம் மறந்துபோவதுதான் அவர்களின் உண்மையான கஷ்டம், சோம்பல் இல்லை.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் கட்டடம் ஒரே நீண்ட மண்டபம். வகுப்புகளைப் பிரிப்பது ஆள் உயரத்துக்கும் குறைவான தட்டி. 18 சோடிகள் ஒரே நேரத்தில் கதைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்து வகுப்பில் தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிற வகுப்பு. அந்த ரீச்சர் முதலில் தட்டிக்கு மேலால் பார்த்தா. பிறகு ஆளனுப்பினா. பிறகு அதிபரிடம் போனா. அவவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பரீட்சையில் தாண்ட வேண்டிய வெட்டுப்புள்ளி என்ற ஒன்று தலைக்கு மேலே தொங்குகிறபோது யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் ஆசிரியர் அறையில் நான் போனதும் பேச்சு நின்றுபோகிறது என்றால் அது ஒரு மாதிரித்தான் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை வகுப்பிலேயே சாப்பிடத் தொடங்கினேன்.

வேப்பமரத்தடிக்கு வகுப்பைக் கொண்டுபோனேன். சித்திரை வைகாசியில் சரி. ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பினால் மண்ணும் சருகும்தான், நான் சொல்வது முன்வரிசைக்கே கேட்காது. அந்தக் காற்றுக்கு மேலால் கத்தினேன். ஆடி மாதம் தொண்டை போய்விட்டது. கரகரப்பு என்று விட்டிருந்தேன், ஒருநாள் காலை வாய் திறந்தால் சத்தமே வரவில்லை. டவுனில் தனியார் மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் காட்டினேன். குரல் நாணில் சிறிய தடிப்பு வரத் தொடங்கியிருக்கிறது, ஓய்வு கொடுங்கள், பேச்சுச் சிகிச்சைக்குப் போங்கள் என்றார். ஆசிரியர்களுக்கு இது அடிக்கடி வருகிற வருத்தமாம். குசுகுசு என்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் குரலுக்குச் சுமைதான் என்று அங்கேதான் தெரிந்தது. வீட்டில் அம்மா “வாயை வித்தா உத்தியோகம் பாக்கிறாய்?” என்று கேட்டா. பதில் சொல்லக் குரலும் இல்லை.

ஆகவே தொடங்கப் போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே சத்தத்துக்கு ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் பிறகு செய்தது இப்படி. எல்லாச் சோடிகளையும் ஒரேயடியாகக் கதைக்க விடுவதில்லை. பாதி வகுப்பு கதைக்கும், பாதி வகுப்பு எழுதும் அல்லது படம் கீறும், பிறகு மாறும். கதைப்பவர் முகம் பார்த்து, முழங்கால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். தூரம் குறைந்தால் சத்தம் தானாகக் குறைகிறது. நிறுத்துவதற்கு என் குரலைப் பாவிப்பதில்லை, இரண்டு தடவை கைதட்டுவேன், அவர்கள் மூன்று தடவை தட்டுவார்கள். வாய்மொழி வேலையைத் தரம் 5இன் பயிற்சிப் பரீட்சை நேரத்தில் வைப்பதில்லை. இதற்காக அந்த ரீச்சரிடம் நேரசூசியைக் கேட்டுப் போனேன். அதிலிருந்து மெதுவாகக் கதைக்கத் தொடங்கினா.

தொண்டையைவிடப் பெரிய தலையிடி கொப்பி. கதைத்ததுக்குக் கொப்பியில் அடையாளம் இல்லை. முதல் தவணை முடிய முன் ஒரு மேற்பார்வை வந்தது. வந்தவர் கொப்பிகளைப் புரட்டினார். மற்ற வகுப்புகளில் பக்கம் பக்கமாக இருக்கும்போது என் பிள்ளைகளின் கொப்பியில் ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம், நாலு வாக்கியம். “எழுத்து வேலை போதாது” என்று குறிப்பில் எழுதினார். பிள்ளைகள் கதைப்பதைக் கேளுங்கள் என்று சொன்னேன். நேரமில்லை என்றார். அந்த மூன்று வாக்கியமும் பிள்ளைகளுடைய சொந்த வாக்கியம் என்பதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் பக்கத்தை எண்ணுகிறவருக்கு அது தெரியாது. நான் கையெழுத்துப் போட்டேன். அன்று பஸ்ஸில் உப்புவெளி வரும்வரை மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தவணைப் பரீட்சை இன்னொரு அடி. “எனது ஊர்” என்று எழுத வேண்டும். மனப்பாடக் கட்டுரை எழுதிய மற்ற வகுப்புப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். என் பிள்ளைகள் குறைவாக எழுதினார்கள், குறைவான புள்ளி. பெற்றார் சிலர் பிள்ளையை ரியூசனுக்கு மாற்றினார்கள். ஒரு அம்மா வாசலில் நின்று, “பள்ளிக்கூடத்தில கதைச்சு விளையாடுறதுக்கா அனுப்புறம்?” என்று கேட்டா. எனக்குச் சரியான அவமானமாக இருந்தது. பழையபடி பலகையில் கட்டுரை எழுதிப் போடலாம், எல்லாருக்கும் நிம்மதி என்று உண்மையிலேயே யோசித்தேன். விடுமுறை முழுக்க அந்த யோசனைதான். திரும்பப் போனபோது “எனது அப்பா. கடல். மீன்.” பையன் தானாக எழுதிக் கொண்டுவந்து தந்தான்: “அப்பா குதித்ததால் வலை தப்பியது. ஆனால் அவருடைய கால் வெட்டுப்பட்டது.” புள்ளிக்காக எழுதியதில்லை. சரி, இதை விடுவதில்லை, ஆனால் தடயம் வைத்துத்தான் செய்வது என்று முடிவெடுத்தேன்.

தடயம் என்றால் என்ன? வகுப்புக்கு ஒரு பெரிய கொப்பி. ஒவ்வொரு நாளும் நாலைந்து பிள்ளைகள் சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே நான் எழுதுவேன், திகதியும் பெயரும் போட்டு. கீழே அதே பிள்ளை எழுதிய வாக்கியம். சுழற்சியில் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடும். ஒரு தவணைக்குப் பிறகு புரட்டினால் யார் எங்கே நிற்கிறார் என்று மேற்பார்வைக்கு வருபவருக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும். பாடக் குறிப்பில் “வாய்மொழிச் செயற்பாடு” என்று மொட்டையாக எழுதாமல், “பிள்ளைகள் இரண்டு வாக்கியங்களை -ஆல், -உம், -போது கொண்டு வாயால் இணைப்பர், ஒன்றை எழுதுவர்” என்று எழுதுங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. நீங்கள் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்பதைக் காட்ட அது போதும். போனில் பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்வதானால் பெற்றாரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு பிள்ளையின் பதிவு ஊர் முழுக்கச் சுற்றினால் அந்தப் பிள்ளை பிறகு உங்கள் வகுப்பில் வாய் திறக்காது.

பெற்றாரைச் சமாளிக்கத் துண்டுக் கடிதம் எல்லாம் அனுப்பிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதிபரிடம் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கி, பிள்ளைகளையே முன்னுக்கு நிறுத்தினேன். “மீன் பட்டது” என்று ஒரு பிள்ளை கடைசியில் நின்றது. மற்றவர்கள் “கரைவலையில்” என்றும் வேறுவிதமாகவும் நுழைந்தார்கள். ஒருவன் “வாடைக் காற்றில்” என்று நுழைந்தபோது பின்னால் இருந்து ஒரு அப்பா, “வாடையில எங்க தம்பி கரைவலை?” என்று கேட்டார். வடகிழக்கு வாடை அடிக்கிற காலத்தில் கரைவலை இழுப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும், கூட்டம் சிரித்தது. பிள்ளை உடனே விலகி, “வாடை ஓய்ந்த பிறகு” என்று மாற்றி நின்றான். அதன்பிறகு மற்ற அப்பாமாரும் ஆளுக்கொரு துண்டு கொடுக்கத் தொடங்கினார்கள். கூட்டத்தின் முடிவில் பலகையில் எழுதிய வாக்கியத்தைப் பிள்ளைகள் வீட்டுக்கு எழுதிக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று கேட்ட அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையை ரியூசனிலிருந்து நிறுத்தவும் இல்லை. ஆனால் முறைப்பாடு நின்றது. எல்லாரும் மனம் மாறுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், இவ்வளவு போதும்.

செலவைக் கேட்டால் அந்த ஆண்டு என் கையிலிருந்து 35,000 ரூபாவுக்கு மேல் போனது. இடுப்பில் கட்டுகிற சிறிய மைக், டொக்டர், மருந்து, சொல் அட்டைகளுக்குத் தடித்த மட்டை, லமினேற் பண்ணிய காசு, போட்டோ கொப்பி. 2022இல் தாள் விலை ஏறிய பிறகு அது முன்னைய நிலைக்கு இறங்கவேயில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம் என்றாலும் 36 பக்கம். இதில் உண்மையில் தேவைப்பட்டது மைக் மட்டும்தான், அதையும் முதல் மாதமே வாங்கியிருந்தால் டொக்டர் செலவு வந்திருக்காது. அட்டைகளுக்குப் பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கம் போதும், கடைக்காரரிடம் கேட்டால் தை மாதத்தில் கட்டுக்கட்டாகத் தருவார்கள். செயலட்டை அடிக்கவே தேவையில்லை. வாயால் செய்கிற வேலைக்கு அச்சடித்த தாள் எதற்கு?

இதால் ஆகாததையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிழை இதால் திருந்தாது. ல, ள, ழ வேறுபாட்டை நம் பேச்சில் பாதிப்பேர் காட்டுவதில்லை. காதால் கேட்டு எழுதுகிற பிள்ளை “மலை பெய்தது” என்றுதான் எழுதும். ன, ண, ந கதையும் அதுதான். அதற்கு வாசிப்பும் சொல்வதெழுதுதலும் தனியாக வேண்டும், வாய்மொழி நேரத்தில் அதைப் புகுத்தினால் இரண்டும் கெடும். “மாடுகள் மேய்ந்தது” என்பது “மேய்ந்தன” ஆவதற்கும் காது உதவாது, ஏனெனில் வீட்டில் யாரும் “மேய்ந்தன” என்று சொல்வதில்லை. செய்திப் பெட்டி விளையாட்டில் அதை வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பிறகு, கரைவலைக் காலத்தில் சில பையன்கள் விடியக் கடற்கரைக்குப் போய்விட்டு இரண்டாம் பாடத்துக்குத்தான் வருவார்கள். இந்த வேலையை முதல் பாடத்தில் வைத்தால் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே இருக்கமாட்டார்கள். நான் இப்போது இடைவேளைக்குப் பிறகு வைக்கிறேன். வயிற்றில் ஏதாவது விழுந்திருக்கும், கதையும் வரும்.